ஒண்ணுமில்ல, ஓரங்கட்டு

ஞானசௌந்தரியின் கையில் ஒட்டிய எண்ணெய் தண்ணீரில் போகவே இல்லை. குசினித் தொட்டியில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு விரல்களைத் தேய்த்தாள். தண்ணீர் உருண்டு உருண்டு ஓடியதே தவிர, கை வழவழவென்றே இருந்தது. சோப்புக்கு நீட்டிய கை பாதியில் நின்றது.

பிரேக் ஆயில் என்றால் இந்நேரம் போயிருக்க வேண்டும். அது கணவர் ரோச் சொல்லிக் கொடுத்த பாடம். "சவுந்தரி, பிரேக் ஆயில் கைல பட்டா உடனே கழுவிரு. வெறும் தண்ணிக்கே போயிரும். வண்டி பெயிண்ட்ல மட்டும் சிந்திராத, பெயிண்டத் தின்னுரும்." கப்பலில் இருந்து அவர் அனுப்பும் குரல் செய்திகளில் பாதிக்கு மேல் காரைப் பற்றித்தான் இருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்பார், அடுத்த மூச்சில் கூலன்ட் பார்த்தாயா என்பார்.

ரோச் சரக்குக் கப்பலில் இரண்டாம் இஞ்சினியர். போன விடுமுறைக்கு முந்தின விடுமுறையில், கொச்சியில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த ஜெர்மன் காரை வாங்கிக்கொண்டு வந்து திரேஸ்புரம் தெருவில் நிறுத்தினார். வெள்ளை நிறம், தோல் இருக்கை, கதவைச் சாத்தினால் சத்தமே வராது. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. அந்த வகையிலேயே அதுதான் ஆகச் சின்ன கார் என்பதும், அதற்கே வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது என்பதும் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியாது. தெருப் பிள்ளைகள் அதற்கு ஜெர்மன்காரன் என்று பெயர் வைத்தார்கள். வாங்கியவர் கப்பல் ஏறிவிட்டார். கட்டிக்கொண்டு அழுதது ஞானசௌந்தரி.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவள் அதை நன்றாகவே பார்த்துக்கொண்டாள். உப்புக் காற்று ஏறாமல் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாள். பேட்டரி முனையில் பூக்கிற பச்சையைச் சுரண்டி கிரீஸ் தடவினாள். ஜன்னல் கண்ணாடி பாதியில் மக்கர் பண்ணினால் எந்த ஃபியூஸைப் பார்க்க வேண்டும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. அவள் கைக்கு மீறியதை மட்டும் மாப்பிள்ளையூரணியில் ஷெட் வைத்திருக்கும் சுடலைக்கண்ணன் பார்ப்பான். "அக்கா, நீங்க ஷெட்டு போட்டா எனக்குப் பொழப்பு இல்ல" என்று அவன் கேலி பண்ணுவான். அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெருமைதான் இன்றைக்குக் காலை வாரிவிட்டது.

காலையில் மகள் ரீனா கிளம்பி நின்றாள். கீழவைப்பாரில் மாமியார் வீடு, அங்கே கோயில் கொடியேற்றம். குழந்தை ரேச்சலைப் பின் இருக்கையில் கட்டி உட்கார வைத்துவிட்டுச் சாவியைத் திருகினால், சிவப்பாகப் பிரேக் விளக்கு எரிகிறது. ரோச்சைக் கேட்கலாம் என்றால் அவர் நடுக்கடலில் இருக்கிறார், கரை நெருங்கினால்தான் போன் வரும். அவர் முன்பே சொன்னது நினைவிருந்தது: பிரேக் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும், இறங்கினால் அந்த விளக்கு எரியும், கொஞ்சம் ஊற்றிவிட்டுக் கண்ணனிடம் காட்டு.

மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் பாட்டிலில் ஆயில் இருந்தது. ரோச்சுக்கு டப்பாவோடு எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. எல்லாவற்றையும் பாட்டிலில் மாற்றி, மேலே மார்க்கரால் எழுதி, வரிசையாக வைப்பார். கப்பல்காரர் பழக்கம். ஆனால் பிரேக் ஆயில் தன் பாட்டிலில் எழுதியிருந்த மையைத் தானே தின்றிருந்தது. பக்கத்துப் பாட்டிலில் இருந்தது அவருடைய தம்பியின் லாஞ்சுப் படகுக்கு வாங்கியதில் மிச்சம், சுக்கான் சக்கரத்துக்கு ஊற்றுகிற ஹைட்ராலிக் எண்ணெய். ஈரக்காற்றில் அதன் எழுத்தும் அழிந்து போயிருந்தது. இரண்டும் பார்க்க வெளிர்மஞ்சள். ஞானசௌந்தரி இரண்டையும் திறந்து மோந்து பார்த்து, இதுதான் என்று ஒன்றை எடுத்தாள். மட்டம் ஏறியது, விளக்கு அணைந்தது. "அம்மா, நீ பெரிய மெக்கானிக்தான்" என்று சிரித்துவிட்டு ரீனா வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது அவள் குசினியில் இருந்து படிக்கட்டுக்கு ஓடினாள். மற்ற பாட்டிலில் இருந்து உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு வந்து குழாயடியில் நீட்டினாள். அது தண்ணீரோடு கரைந்து சுத்தமாகப் போய்விட்டது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவள் ஊற்றியது லாஞ்சு எண்ணெய்.

"கண்ணா" என்று போனில் கூப்பிடும்போதே நாக்கு குழறியது. நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"எவ்ளோக்கா ஊத்துனீங்க?"

"நெறையுற வரைக்கும்."

"அக்கா, பிரேக்குக்குள்ள எல்லாம் ரப்பரு. அந்த எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிரும். ஊதிச்சின்னா பிரேக் பிடிச்ச பிடி விடாது. சக்கரம் உராஞ்சி உராஞ்சி சூடேறும். சூடேறுனா ஒரேயடியா மிதி உள்ள போயிரும். அப்புறம் மிதிச்சாலும் ஒண்ணும் இருக்காது."

"எப்போ கண்ணா? எவ்ளோ நேரத்துல?"

"அதச் சொல்ல முடியாதுக்கா. நாள் கணக்காவும் ஆகும். நல்லா வெயில், பிரேக்க மிதிச்சு மிதிச்சு ஓட்டுனா இன்னைக்கே ஆனாலும் ஆச்சு. ரீனா பாப்பா எங்கன போவுது?"

"கீழவைப்பார் ரோட்டுல."

"போன் போட்டு ஓரங்கட்டச் சொல்லுங்க. ஆக்சிலேட்டர விட்டுட்டு மெதுவா நிக்கட்டும். நின்ன எடத்த விட்டு அசையக் கூடாது. ஆனா பயமுறுத்திராதீங்க. பதறிப்போயி பிரேக்கச் சவட்டிட்டா வம்பாப் போயிரும். நீங்க ஆட்டோ பிடிச்சு ஷெட்டுக்கு வாங்க, நான் வண்டியோட நிக்கேன்."

ரீனா எடுத்தாள். பின்னால் ரேச்சல் ஏதோ பாடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"ஏளா ரீனா, எங்கன இருக்க?"

"தருவைகுளம் விலக்கு தாண்டிட்டேம்மா. ஏன், என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வண்டிய மெதுவா ஓரங்கட்டு."

"எதுக்கு?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லுதேம்லா. நீ தனியா ஓட்டாத. அங்கனயே நில்லு. நானும் கண்ணனும் வாரோம்."

"அம்மா, என்ன ஆச்சு? அப்பாவுக்கு ஏதாவதா?"

"அய்யோ, அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. நீ பதறாத, வந்து சொல்லுதேன்…"

லைன் போய்விட்டது. உப்பளப் பக்கம் டவர் அப்படித்தான், நினைத்தால் இருக்கும், நினைத்தால் இருக்காது.

பிரேக் என்ற வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை. பயமுறுத்தாதே என்று கண்ணன் சொன்னது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெட்கம். பிரேக் என்று ஆரம்பித்தால் ஊற்றியது யார் என்பதும் கூடவே வந்துவிடும். நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம், முதலில் பிள்ளை நிற்கட்டும் என்று நினைத்தாள். அவளைத் தப்புச் சொல்ல முடியுமா? நானாக இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன், நீங்களும்தான்.

ஆனால் கடல்காரர் வீட்டில் அந்தப் பேச்சுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. இந்தக் கரையில் சாவை யாரும் போனில் சொன்னது கிடையாது. ஒண்ணுமில்ல, பதறாத, தனியா வராத, ஆள் அனுப்புதோம், வந்து பேசிக்கிடலாம். இப்படித்தான் சொல்லுவார்கள். கேட்கிறவர்களும் அந்த நிமிஷமே புரிந்துகொண்டு, புரியாத மாதிரியே பஸ் ஏறி வருவார்கள். தெருமுனையில் பந்தலைப் பார்த்த பிறகுதான் வாய்விட்டு அழுவார்கள். ஞானசௌந்தரி பதற்றத்தில் அதில் ஒரு சொல்கூட விடாமல் வரிசையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

ஆட்டோவில் போகப் போக அவளுக்கே அது உறைத்தது. சேசுவே, என்ன பேசினேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். திரும்பத் திரும்பப் போன் போட்டாள். சில தரம் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அப்புறம் மணி அடித்தது. ஆனால் ரீனா எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்காதவள் எங்கே இருக்கிறாள், நிற்கிறாளா, ஓடுகிறாளா? பின் இருக்கையில் குழந்தை பெல்ட் போட்டு இருக்கிறதா, அழுகிறது என்று அவிழ்த்துவிட்டிருப்பாளா?

கண்ணன் தன்னுடைய லோடு ஆட்டோவில் கட்டியிழுக்கும் கயிறும் ஜாக்கியும் போட்டுத் தயாராக இருந்தான். அவள் ஏறியதும் பறந்தான். இரண்டு பக்கமும் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. எதிரே உப்பு லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் அந்த வெள்ளைக் கார் நசுங்கிக் கிடக்கும் என்று அவள் பார்த்தாள்.

"நின்னுருக்கும்க்கா, பாப்பா வெவரமான பிள்ளை" என்றான் கண்ணன்.

தருவைகுளம் விலக்கைத் தாண்டினார்கள். ஓரத்தில் கார் இல்லை. இன்னும் கொஞ்சம் போனார்கள். அங்கேயும் இல்லை. கண்ணன் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். ரோடு நேராகக் கிடந்தது. அந்தக் கோடியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது நிற்கவில்லை. இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"திரும்பி வாரா" என்றாள் ஞானசௌந்தரி. "கண்ணா, அவ வீட்டுக்கு வாரா. அவங்க அப்பா செத்துட்டாருன்னு வாரா."

அவள் கதவைத் திறந்து ரோட்டுக்கு ஓடப் போனாள். கண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவன், தொட்டுப் பேசாதவன், முரட்டுத்தனமாக உள்ளே தள்ளினான்.

"குனிங்க. தலைய வெளிய காட்டாதீங்க."

"நிறுத்தணும்டா அவள!"

"உங்களப் பாத்தா இந்த வேகத்துல பிரேக்கச் சவட்டுவா. பின்னால லாரி வருது பாருங்க. சொன்னாக் கேளுங்க, குனிங்க!"

ஞானசௌந்தரி குனிந்தாள். பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற அந்தப் பிள்ளையின் கண்ணில் படாமல் ஒளிய வேண்டியிருந்தது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு காதை மட்டும் தீட்டினாள். கார் ஊளையிட்டபடி கடந்து போனது. அதன் பின்னாலேயே ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது.

கண்ணன் முகம் மாறிவிட்டது. "உராய ஆரம்பிச்சிட்டு" என்று மட்டும் சொன்னான். லாரி போன பிறகு வண்டியைத் திருப்பி விரட்டினான். லோடு ஆட்டோவால் ஜெர்மன்காரனைப் பிடிக்க முடியுமா? வெள்ளைப் புள்ளி தூரத்தில் சிறுத்துக்கொண்டே போனது. அவள் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. இதே வேகத்தில் போனால் முன்னால் மாப்பிள்ளையூரணி. பஸ் நிற்கும், சனங்கள் ரோட்டைக் கடப்பார்கள். மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் அவளுக்கு ஜெபம் வரவில்லை. இப்படி ஒரு பயத்தை அவள் பிரசவத்தில்கூட அறிந்ததில்லை.

அப்போது அவள் கையில் போன் அடித்தது. ரீனா.

"அம்மா" என்றாள். சின்ன வயதில் கனவு கண்டு எழுந்து கூப்பிடுகிற அதே குரல். "அம்மா, பிரேக் பிடிக்க மாட்டேங்கு. மிதிச்சா உள்ள போவுது. வண்டி நிக்க மாட்டேங்குமா!"

இனி மென்று விழுங்க ஒன்றும் இல்லை. ஞானசௌந்தரி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினாள். "ரீனா, கேளு. நான்தான் பிரேக் ஆயிலுக்குப் பதிலா லாஞ்சு எண்ணெய ஊத்திட்டேன். பிரேக் இனி இருக்காது. உங்கப்பா சாகல. கண்ணன் சொல்லுததச் செய்யி!"

கண்ணன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டு வந்தான். குரலை எங்கிருந்துதான் அவ்வளவு சாந்தமாக எடுத்தானோ. "பாப்பா, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டியா? சரி. பிரேக்க மறந்துரு. கியர ஒரு படி கீழ எறக்கு. இஞ்சின் அலறும், அலறட்டும். கொறையுதா?"

"கொறையுது."

"இன்னும் ஒரு படி. எடது காலுக்குக் கீழ ஓரமா ஒரு சின்ன மிதி இருக்கும் பாரு. பார்க்கிங் பிரேக்கு. அது கம்பில இழுக்குறது, ஆயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மேல உள்ள பிடிய ஒரு கைல இழுத்துப் பிடிச்சிக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமா அமுத்து. ஒரேயடியா அமுக்கிராத."

"அண்ணே, முன்னால பஸ் நிக்கி."

"எடது பக்கம் உப்பளத்துக்குள்ள போற மண்பாதை தெரியுதா? அதுல எறக்கு. உப்பு குமிச்சு வச்சிருப்பான், அது ஓரமா விடு. முட்டினாலும் பரவால்ல."

சடசடவென்று ஒரு சத்தம், குழந்தையின் அலறல், அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. ஞானசௌந்தரி "ரீனா!" என்று கத்தினாள். பதில் இல்லை. ரேச்சல் வீறிட்டு அழுகிற சத்தம் மறுபடி வந்தபோதுதான் அவள் மூச்சுவிட்டாள். அழுதால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கார் உப்புக் குவியலில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. முன்சக்கரம் இரண்டிலும் புகை. ரீனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எட்டப் போய் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கண்ணன் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு முன்பக்க பானெட்டைத் திறந்தான். ஆயில் தொட்டியின் மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர், அளவு மீறி உப்பிப் பிதுங்கியிருந்தது. அதை விரலில் எடுத்து வந்து காட்டினான். "பாருங்கக்கா, இப்படித்தான் உள்ள எல்லாமே. இனி ஒரு ரப்பர் விடாம மாத்தி, பைப் முழுக்கக் கழுவணும்."

ரீனா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பாவுக்கு என்னம்மா?"

"அதான் சொன்னேம்லா, ஒண்ணுமில்ல. பிரேக்குக்குத்தான் உன்னய நிறுத்தச் சொன்னேன்."

"நெசமாச் சொல்லு."

"மாதா சத்தியமா ஒண்ணுமில்லளா."

"பிரேக் போனது நெசந்தான், என் காலுக்கே தெரிஞ்சிது" என்றாள் ரீனா. குரல் ஒட்டாமல் வந்தது. "அதுக்காவ அப்பாவுக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிருமா? நீ போன் பண்ணிக்கிட்டே இருந்த. எடுத்தாச் சொல்லிருவியேன்னுதான் நான் எடுக்கல. வீடு வார வரைக்கும் அப்பா உசுரோட இருக்கட்டுமேன்னு ஓட்டிட்டு வந்தேன்."

ஞானசௌந்தரி குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். அவர் நல்லா இருக்காரு, சவுக்கியமா இருக்காரு, கல்லு மாதிரி இருக்காரு என்று சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல ரீனாவின் கண்ணில் பயம் கூடிக்கொண்டே போனது. அப்படித்தானே எல்லோரும் சொல்லுவார்கள்? கப்பலுக்குப் போன் போட்டுக் காட்டிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இரண்டு தரம் போட்டும் பார்த்தாள். இணைப்பு கிடைக்கவில்லை.

கடைசியில் ஞானசௌந்தரி கையை எடுத்துவிட்டாள். மகளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். கல்யாணம் ஆன நாளில் இருந்து யாரிடமும் சொல்லாத ஒன்றை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை, மெல்லச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதுளா. போன வாரம் பேசுனாரு, அன்னைக்கி நல்லா இருந்தாரு. இன்னைக்கி எப்படி இருக்காருன்னு எனக்குத் தெரியாது. அவரு கப்பல்ல இருக்கைல ஒருநாளும் எனக்குத் தெரிஞ்சது இல்ல."

ரீனா அவளையே பார்த்தாள். இறுகியிருந்த தோள் மெல்லத் தளர்ந்தது.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லாம்மா" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் அழுதாள்.